விடுமுறைக்கு எங்கே செல்வது?

மும்பையில் வாழும் நம் குடும்பங்களுக்குக் கோடை விடுமுறை என்றால், திருநெல்வேலிக்கோ நாகர்கோவிலுக்கோ ரயிலில் இடம் பதிவு செய்வது என்றே பொருள். ஆனால் அதைச் சுற்றுலா என்று சொல்ல இயலுமா? திருமண வீடு, துக்க வீடு, நிலத் தகராறு என்று இருபது நாட்களும் கரைந்துவிடுகின்றன. ஓய்வுக்கென்றே இரண்டு நாட்கள் கிடைக்கும்போதுதான், நகரத்துக்குச் செல்வதா, நாட்டுப்புறத்துக்குச் செல்வதா என்ற கேள்வி எழுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன், முதன்முறையாக மும்பைக்கு வந்திருந்த என் மாமனாரையும் மாமியாரையும் மாதேரானுக்கு அழைத்துச் சென்றோம். நேரலிலிருந்து அம்மலைக்கு 1907-ஆம் ஆண்டு முதல் சிறு ரயில் ஓடுகிறது. ஏறத்தாழ 21 கிலோமீட்டர் தூரம் வளைந்து வளைந்து ஏறுகிறது. மேலே கார்களுக்கும் மோட்டார் சைக்கிள்களுக்கும் அனுமதியில்லை. செம்மண் பாதையில் நடக்கலாம்; குதிரையிலும் செல்லலாம். ஒற்றை அறை வீட்டில் வளர்ந்த எங்கள் மகன், எவருடைய கையையும் பிடிக்காமல் வழியெங்கும் முன்னே ஓடினான். அவனை அதட்ட வேண்டிய தேவை எங்களுக்கு ஏற்படவில்லை. பெற்றோராகிய எங்களுக்கு அதுவே பெரிய ஓய்வாயிருந்தது.

மாமாவின் முகமோ வாடியிருந்தது. "எங்கள் தேரிக்காட்டில் இல்லாத செம்மண்ணா, மாப்பிள்ளை? இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் ரயிலில் வந்தேன்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி! மறுநாள் அவரைச் சத்ரபதி சிவாஜி ரயில் நிலையத்துக்கு அழைத்துச் சென்றேன். நாம் அன்றாடம் இடித்துக்கொண்டு ஓடும் அக்கட்டிடம் 2004-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது என்பதை நம்மில் எத்தனை பேர் நினைக்கிறோம்? அவர் ஒரு மணி நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். அதன்பின் கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து எலிஃபெண்டா தீவுக்குப் படகில் சென்றதைத்தான் ஊரில் இன்றும் விவரிக்கிறார்.

ஆகவே, நகரத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு நாட்டுப்புறமும், ஊரிலிருந்து வரும் பெரியோருக்கு நகரமும் ஏற்றவை என்பது என் எண்ணம். மாதேரான் செல்ல விரும்புவோர் வார இறுதியைத் தவிர்ப்பது நல்லது, கூட்டம் மிகுதி. மழைக்காலத்தில் நேரலிலிருந்து ரயில் கிடையாது. மலை மேல் அமன் லாட்ஜிலிருந்து மட்டுமே ஓடும்.

அத்தையிடம் எந்த இடம் பிடித்தது என்று கேட்டோம். "மாதேரான்தான்" என்றார்கள். மலைக்காட்சிக்காக அன்று, அங்கே மூன்று வேளையும் பிறர் சமைத்துப் பரிமாறினார்கள். திருமணமானபின் இரண்டு நாட்கள் தொடர்ந்து அடுப்பருகே நில்லாதிருந்தது அதுவே முதல்முறையாம்.