வெயிலும் மழையும் அசைக்காத கான்கிரீட் செடித்தொட்டி: வீட்டிலேயே செய்வது எப்படி?

திண்டிவனம், விழுப்புரம் பக்கம் வீட்டுத்தோட்டம் போடுபவர்களுக்கு வருஷத்தில் இரண்டு சோதனைக் காலம். சித்திரை, வைகாசி வெயிலில் பிளாஸ்டிக் பைகள் மொறுமொறுவென்று ஆகி, தொட்டாலே கிழிந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை வந்தால் அடைமழையில் மண் கரைந்து, வேர் அழுகும். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலின்போது, திண்டிவனத்துக்கு அருகிலுள்ள மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது.

இந்த இரண்டையும் தாங்க, மேலே மூடியுடன் கூடிய கான்கிரீட் தொட்டி நல்ல வழி. ஆனால் சிமென்ட்டை அள்ளிக் கொட்டினால் மட்டும் தொட்டி நிலைக்காது.

கான்கிரீட்டும் செடித்தொட்டியும்: பழைய உறவு

இன்று பாலம், அடுக்குமாடி என எல்லாவற்றுக்கும் பயன்படும் கம்பி போட்ட கான்கிரீட்டின் வரலாற்றில் செடித்தொட்டிக்கு முக்கிய இடம் உண்டு. பிரான்ஸைச் சேர்ந்த தோட்டக்காரர் ஜோசப் மோனியே, சிமென்ட்டுக்குள் இரும்புக் கம்பி வலை வைத்துச் செய்த தொட்டிகளுக்கு 1867-ல் காப்புரிமை பெற்றார்.

வலை மேல் சிமென்ட் கலவையை மெலிதாகப் பூசும் முறைக்கு ஃபெரோசிமென்ட் என்று பெயர். விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டாரத்தில் உள்ள ஆரோவில்லின் அறிவியல் ஆராய்ச்சி மையம், இந்த முறையில் கூரைப் பலகைகள், தண்ணீர்த் தொட்டிகள் எல்லாம் செய்து பழக்கப்படுத்தியிருக்கிறது. செடித்தொட்டிக்கும் இதே முறை போதும்.

மாடியில் வைக்கலாமா?

முதலில் கணக்கு. 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம், 25 மி.மீ. கனத்தில் செய்தால் தொட்டி மட்டும் சுமார் 100 கிலோ. ஈரமண் நிரப்பினால் மொத்தம் 400 கிலோவை நெருங்கும். அதாவது சதுர மீட்டருக்கு 900 கிலோவுக்கு மேல். ஆட்கள் நடமாடும் மொட்டைமாடிக்கு இந்தியத் தர விதி எடுத்துக்கொள்ளும் சுமையோ சதுர மீட்டருக்கு சுமார் 150 கிலோதான். அதனால் இந்தத் தொட்டி தரையில் இருப்பதே நல்லது. மாடியில்தான் வேண்டும் என்றால், பொறியாளரிடம் கேட்காமல் ஏற்றக் கூடாது.

என்னென்ன தேவை?

* சிமென்ட் 30 கிலோ
* சலித்த சன்ன மணல் 60 கிலோ (பி-சாண்ட் போதும்)
* வெல்டு மெஷ், கோழிவலை, கட்டுக்கம்பி
* 1 அங்குல பிவிசி குழாய்த் துண்டுகள், கையுறை

10 கிலோ சிமென்ட்டுக்கு நாலு, நாலரை லிட்டர் தண்ணீர் போதும். குழைவாக இருக்கட்டும் என்று கூடுதலாக ஊற்றினால் காய்ந்தபின் விரிசல் நிச்சயம். தண்ணீரின் தரமும் முக்கியம். மரக்காணம் போன்ற கடலோரப் பகுதிகளில் போர்த் தண்ணீர் உப்புக் கரித்தால், கலவைக்கு அதைத் தொடவே வேண்டாம். கம்பி உள்ள கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. மீறினால் உள்ளே வலை துருப்பிடித்து உப்பும். மேல்பூச்சு பெயர்ந்து விழும்.

பூசுவது எப்படி?

வெல்டு மெஷ்ஷைப் பெட்டியாக மடக்கி, உள்ளேயும் வெளியேயும் கோழிவலையைக் கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டவும். அடியில் நான்கைந்து குழாய்த் துண்டுகளை நிறுத்தினால் வடிகால் துளை தயார். மூடிக்கான வளைவுகளைச் செருக, நான்கு மூலையிலும் ஒவ்வொரு குழாயை நிமிர்த்திக் கட்டி, அந்த இடத்தில் மட்டும் பூச்சைத் தடிமனாக்கவும். பிறகு துளை போட்டால் சுவர் உடையும்.

முதலில் அடிப்பாகத்தைப் பூசவும். சுவருக்கு ஒருவர் உள்ளே பலகையை அணைத்துப் பிடிக்க, இன்னொருவர் வெளியிலிருந்து கலவையை அழுத்தித் திணிக்க வேண்டும். மறுநாள் உள்பக்கம். வலை எங்கேயும் வெளியே தெரியக் கூடாது. கலவையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, அரை மணி நேரத்துக்குள் தீர்த்துவிடவும்.

பலரும் கோட்டை விடும் இடம்

அதுதான் க்யூரிங். இரண்டு நாள் தண்ணி தெளிச்சிட்டு விட்டால் போதாது. கடைகளில் பரவலாகக் கிடைக்கும் பிபிசி ரக சிமென்ட்டுக்குக் குறைந்தது 10 நாள், கடும் வெயிலில் 14 நாள் ஈரம் வேண்டும். ஈரச்சாக்கு போர்த்தி, காயாமல் பார்த்துக்கொள்ளவும். வெயில் தணிந்திருக்கும் தை, மாசி மாதங்கள் இந்த வேலைக்குத் தோது. பிறகு துளைகளை அடைத்துத் தண்ணீர் நிரப்பி, ஒரு வாரத்தில் இரண்டு மூன்று முறை மாற்றினால், செடிக்கு ஆகாத சுண்ணாம்புக் காரம் குறையும்.

மேலே மூடி

மூலைக் குழாய்களில் வளைவுகளைச் செருகி, கோடையில் 50 சதவீத நிழல் வலை போடலாம். மழைக்காலத்தில் அதே வளைவு மேல் பாலித்தீன் ஷீட் போட்டு, பக்கங்களைக் காற்றுக்குத் திறந்து விடவும். புயல் எச்சரிக்கை வந்தால் மூடியைக் கழற்றிவிடுவது நல்லது. காற்றில் பறக்கும் ஷீட் பக்கத்து வீட்டுக்கும் ஆபத்து.

தொட்டியைச் செங்கல் மேல் 2, 3 அங்குலம் தூக்கி வைக்கவும். பெருமழை நாளில் அடித்துளைகளில் தண்ணீர் ஓடுகிறதா என்று ஒரு தடவை குனிந்து பார்த்தால் போதும். ஓடவில்லை என்றால் அப்போதே குச்சியால் அடைப்பை எடுத்துவிடுங்கள். தண்ணீர் வடிந்தால்தான் வேர் பிழைக்கும்.