ஏர்க்கலப்பையின் சிற்றுரு: அளவும் சொல்லும்

உழவு தொடர்பான செய்யுட்பகுதிகளைக் கற்பிக்கும்பொழுது ஏர், கலப்பை, மேழி, கொழு என்னும் சொற்கள் யாவும் ஒரே பொருளின் மாற்றுப் பெயர்கள் என்பதுபோல் விளக்கப்படுவதுண்டு. மலேசியத் தமிழருள் பெரும்பாலோரின் முன்னோர் தோட்டத் தொழிலுக்கென இந்நாட்டிற்கு வந்தவர்கள். அவர்தம் பெயரர்கள் மரக்கலப்பையைக் கண்டதில்லை. தமிழகத்திலும் 1960களின் பிற்பகுதிக்குப் பின்னர் இழுவை இயந்திரங்கள் பரவப் பரவ, அது அருகிவிட்டது. படத்தைக் காட்டி இக்குறையை ஓரளவே ஈடுசெய்யலாம். கலப்பையின் சிற்றுருவைக் கையால் செய்து பார்ப்பவர்க்கோ ஒவ்வொரு சொல்லும் தனித்தனி உறுப்பாகப் புலப்படும். அவ்வாறு செய்யும் முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நிலத்தைக் கீறும் வளைந்த அடிமரமே கலப்பை. அதன் நுனியில் பொருத்தப்படும் இரும்பு, கொழு. உழுபவர் பிடிக்கும் கைப்பிடி, மேழி. கலப்பையிலிருந்து முன்னோக்கி நீளும் தண்டு ஏர்க்கால். காளைகளின் கழுத்தில் அமரும் குறுக்குமரம் நுகத்தடி. காளைகளை நுகத்தோடு பிணைப்பது பூட்டாங்கயிறு. இவை அனைத்தும் இணைந்து நிற்கும் நிலையே ஏர் எனப்படும். ‘ஏர் பூட்டுதல்’ என்கிறோமேயன்றிக் ‘கொழு பூட்டுதல்’ என்பதில்லை.

அளவு விகிதத்தைப் பொறுத்தவரை பன்னிரண்டில் ஒரு பங்கே தமிழ் வகுப்பறைக்கு ஏற்றது என்பது என் கருத்து. நம் மரபில் 12 விரல் ஒரு சாண். 2 சாண் ஒரு முழம். ஆகவே இவ்விகிதத்தில் மூலப்பொருளின் ஒரு சாண் சிற்றுருவில் ஒரு விரலாகிவிடும். 6 முழ நீளமுள்ள ஏர்க்கால் சரியாக ஒரு சாணாகச் சுருங்கும். அளவுகோலின்றியே மாணவர் கணக்கிடலாம். பழைய தச்சரும் உழவரும் கையாண்ட அளவைமுறையும் உடன் விளங்கும்.

மரத்தேர்வே இப்பணியின் கடினமான பகுதி. தமிழகத்தில் கலப்பைக்கு உறுதி மிக்க கருவேலமும், காளையின் கழுத்தை அழுத்தாதிருக்க நுகத்தடிக்கு எடை குறைந்த நுணா மரமும் பயன்பட்டன. தச்சர் நேரான பலகையை வளைவாக அறுத்துக் கலப்பை செய்வதில்லை; இயல்பாகவே வளைந்து வளர்ந்த மரத்துண்டைத் தேடி எடுப்பார். அத்தகைய மரத்தில் நார்கள் வளைவைத் தொடர்ந்தே செல்லும். நேர்ப்பலகையில் வளைவை அறுத்தெடுத்தால் நார்கள் வளைவின் குறுக்கே துண்டுபட்டுவிடும். முதற்சாலிலேயே அவ்விடம் முறியும். சிற்றுருவிற்கும் இவ்விதி பொருந்தும். கடையில் வாங்கிய மெல்லிய பலகையில் அறுத்த வளைவு, செதுக்கும்பொழுதே கையோடு வந்துவிடும். எனவே கொய்யாக் கிளையில் பொருத்தமான வளைவைத் தேடுவது நன்று. கொய்யா நெருக்கமான நாரமைப்புடையது. பம்பரம் செய்ய உகந்தது. இந்நாட்டுத் தோட்டங்களிலும் எளிதில் கிடைப்பது. ரப்பர் மரமும் எளிதில் கிடைக்கும் எனினும், அதன் நுண்துளைகள் சிற்றுருவில் பெரிதாகத் தோன்றும். (தோட்டத்தில் பால் வெட்டியவர்களின் பெயரர், ரப்பர் மரத்திலேயே முன்னோரின் கலப்பையைச் செதுக்குவதில் ஒரு பொருத்தம் உண்டுதான், நேரான நுகத்தடிக்கு அதனைப் பயன்படுத்தலாம்.) கொழுவிற்கு ஆணியொன்றைத் தட்டித் தட்டையாக்கினால் போதும்.

நீளம் பன்னிரண்டில் ஒரு பங்காகும்போது எடை 1,728இல் ஒரு பங்காகக் குறையும். மூலக்கலப்பை 20 கிலோ எனக் கொண்டால் சிற்றுரு ஏறத்தாழ 12 கிராம்தான் இருக்கும். தொட்டி மண்ணில் இழுத்துப் பார்க்கும் மாணவர் அது உழாமல் வழுக்கிச் செல்வதைக் கண்டு, செய்நேர்த்தியில் குறை என்று எண்ணக்கூடும். எடை போதாமையே முதன்மைக் காரணம் என்பதை ஆசிரியர் முன்னரே விளக்குதல் வேண்டும். கயிறுகளைப் பசையால் ஒட்டாமல் முடிந்து கட்டுவதும் இன்றியமையாதது. ஏர்க்காலில் நுகம் பிணைக்கப்படும் இடத்தை முன்பின்னாக மாற்றியே உழவின் ஆழத்தை உழவர் கூட்டியும் குறைத்தும் வந்தனர். ஒட்டிவிட்ட சிற்றுருவில் இந்நுட்பத்தைக் காட்டவியலாது.

பணி முடிந்தபின் ஒப்புநோக்கக் கம்பர் பெயரால் வழங்கும் ஏரெழுபது துணைநிற்கும். நுகத்தடி, அதன் துளை, அதன் ஆணி, பூட்டுகயிறு, கொழு, கொழுவாணி எனத் தனித்தனியே பாடல் பெற்ற உறுப்புகள் அந்நூலில் உள்ளன. நம் சிற்றுருவில் விடுபட்டவை எவை என்பதை மாணவரே கண்டறியலாம். நுகத்துளையும் கொழுவாணியுமே பெரும்பாலும் விடுபடும். உறுப்புகளுக்குப் பெயரட்டை எழுதும்போது நூல்வழக்கை மட்டும் எழுதாமல், மாணவரின் வீட்டு முதியோர் சொல்லும் வட்டார வழக்கையும் அதன் கீழே எழுதி, எந்த ஊர் வழக்கு என்பதையும் குறித்து வைக்கலாம். தாற்றுக்கோலுக்கு மூங்கிற் பற்குச்சியே போதும்.