தேடுபொறிக்கும் வேண்டும் தனிக் குடோன்

திருத்தங்கல், சிவகாசி வட்டாரத்தில் எந்தப் பட்டாசு ஆலைக்குள் போனாலும் முதலில் கண்ணில் படுவது இடைவெளிதான். சின்னச் சின்ன அறைகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி நிற்கும். நடுவே வெறும் கரிசல் தரை. மருந்து கலக்கும் இடம் ஒரு பக்கம், மருந்து செலுத்தும் இடம் இன்னொரு பக்கம், காய வைக்கும் களம் தள்ளி, முடிந்த சரக்கு சேரும் மேகசின் அதற்கும் தள்ளி. சரக்கின் அளவுக்கு ஏற்ப எந்தக் கட்டடத்துக்கும் எந்தக் கட்டடத்துக்கும் எத்தனை மீட்டர் தூரம் இருக்க வேண்டும் என்று 2008-ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகள் கணக்குச் சொல்கின்றன. ஓர் அறையில் நேர்ந்தது அந்த அறையோடு நிற்க வேண்டும் என்பதற்காக எழுதப்பட்ட விதி அது. அதை மீறினால் என்ன ஆகும் என்று இந்த ஊர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கணினியில் சேரும் தகவலைக் காப்பதற்கும் அடிப்படை இதுவேதான். ஆனால் பட்டாசில் இத்தனை கறாராகப் பார்க்கும் இடைவெளியைத் தகவல் விஷயத்தில் பலரும் பார்ப்பதில்லை. மூலமும் நகலும் ஒரே கணினியில், ஒரே அறையில், ஒரே கடவுச்சொல்லின் கீழ் கிடக்கின்றன.

திருத்தங்கல் 2021-இல் சிவகாசி மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. இந்த மாநகரின் இன்னொரு பெரிய தொழில் அச்சு. புத்தாண்டுக்கான காலண்டர் ஆல்பங்களை ஆடிப்பெருக்கு அன்று வெளியிடுவது இங்குள்ள அச்சகங்களின் வழக்கம். அன்று தொடங்கும் ஓட்டம் டிசம்பர் கடைசி வரை நிற்காது. அப்படி ஓர் அச்சகத்தைக் கற்பனை செய்துகொள்வோம். இருபது ஆண்டுக் காலண்டர், டைரி, பட்டாசு லேபிள், தீப்பெட்டி லேபிள் வேலைகளெல்லாம் கோப்புகளாகக் கிடக்கின்றன. “மூணு வருஷத்துக்கு முன்னாடி கோயம்புத்தூர் ஜவுளிக்கடைக்கு அடிச்சோமே, தங்க ஃபாயில் போட்ட முருகன் படம், அதே மாதிரி வேணும்” என்று போன் வருகிறது. இலட்சக்கணக்கான கோப்புகளுக்குள் ‘முருகன், ஃபாயில், ஜவுளி’ என்று தட்டி நொடியில் எடுக்க வேண்டுமானால் அதற்கு ஒரு தேடுபொறி தேவை.

இந்த வேலைக்கு உலகம் முழுக்கப் பரவலாகப் பயன்படுவது எலாஸ்டிக்சர்ச். ஷே பேனன் என்ற நிரலாளர் 2010-இல் வெளியிட்டது. சமையல் படித்துக்கொண்டிருந்த மனைவிக்குச் செய்முறைக் குறிப்புகளைத் தேடித்தரும் ஒரு கருவி எழுதப் போய், அந்த முயற்சி இதில் வந்து முடிந்தது. இதன் உள்ளே ஓடுவது லூசீன் என்ற நிரல்தொகுதி. டக் கட்டிங் 1999-இல் எழுதியது. நல்ல ஆய்வுநூலின் கடைசியில் சொல்லடைவு இருக்குமே, அதையே இது எல்லா ஆவணங்களுக்கும் சேர்த்துத் தயாரித்து வைத்துக்கொள்கிறது. கேட்டவுடன் ஆவணங்களைப் புரட்டாமல் அந்தச் சொல்லடைவைப் பார்த்துப் பதில் தருகிறது. தமிழ் விக்கிப்பீடியாவின் தேடுபெட்டிக்குப் பின்னால் இருப்பதும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த பொறிதான்.

சொல்லடைவு தொலைந்தால் மூல ஆவணங்களிலிருந்து மறுபடி தயாரித்துக்கொள்ளலாமே என்று தோன்றும். விக்கிப்பீடியா போன்ற இடங்களில் அது உண்மை; கட்டுரைகள் தனித் தரவுத்தளத்தில் பத்திரமாக இருக்கின்றன. ஆனாலும் பெரிய சொல்லடைவைத் திரும்பக் கட்ட மணிக்கணக்கிலோ நாள்கணக்கிலோ ஆகும். இன்னொரு வகை உண்டு: தேடுபொறியே மூலமாகிவிட்ட தகவல். சர்வரில் யார் எப்போது நுழைந்தார்கள் என்ற பதிவேடுகளைப் பல நிறுவனங்கள் எலாஸ்டிக்சர்ச்சில் மட்டுமே சேர்க்கின்றன. இத்தகைய பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று இந்தியக் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் உத்தரவிட்டது. இவை போனால் மறுபடி தயாரிக்க எதுவும் இல்லை.

போவதற்கு வழிகளும் பல. 2017 ஜனவரியில் இணையத் திருடர்கள், கடவுச்சொல் இல்லாமல் இணையத்தில் திறந்துகிடந்த எலாஸ்டிக்சர்ச் சர்வர்களைத் தேடிப்பிடித்து, உள்ளே இருந்த அத்தனையையும் அழித்துவிட்டு, ‘பிட்காயின் அனுப்பினால் திருப்பித் தருவோம்’ என்று ஓலை வைத்துப் போனார்கள். ஆயிரக்கணக்கான சர்வர்கள் பலியாயின. 2020-இல் வந்த ‘மியாவ்’ தாக்குதல் இன்னும் மோசம். பணம்கூடக் கேட்கவில்லை, அழித்ததோடு சரி. பாதுகாப்பு வசதிகள் நிறுவும்போதே தானாக இயங்கும் நிலை 2022-இல் வந்த 8-ஆம் பதிப்பில்தான் ஏற்பட்டது.

‘எங்களிடம் ஒவ்வொன்றும் இரண்டு பிரதி இருக்கிறதே’ என்று சிலர் சொல்வார்கள். எலாஸ்டிக்சர்ச் ஒவ்வொரு துண்டையும் இன்னொரு கணினியிலும் வைத்துக்கொள்ளும் என்பது சரிதான். ஒரு கணினி பழுதானால் அது உதவும். ஆனால் யாராவது ‘அழி’ என்று கட்டளையிட்டால் இரண்டு பிரதியும் ஒரே கணத்தில் போய்விடும். அது காப்பு நகல் ஆகாது.

காப்பு நகலுக்கு எலாஸ்டிக்சர்ச்சிலேயே முறை இருக்கிறது, ஸ்னாப்ஷாட் என்பார்கள். சர்வரின் தரவுக் கோப்புறையை அப்படியே பென்டிரைவிலோ ஹார்டு டிஸ்கிலோ இழுத்துப் போடுவது வேலைக்கு ஆகாது. பொறி எழுதிக்கொண்டே இருக்கும்போது எடுத்த நகல் அரைகுறையாக இருக்கும், திறக்காமலே போகலாம். ஸ்னாப்ஷாட் வேறு விதம். லூசீன் தன் சொல்லடைவைச் சிறு சிறு கோப்புகளாக எழுதுகிறது. எழுதி முடித்த கோப்பை மறுபடி திருத்துவதே இல்லை. ஆகவே முதல் ஸ்னாப்ஷாட் எல்லாக் கோப்புகளையும் எடுத்துப் போகும். அடுத்தது, புதிதாக முளைத்த கோப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டு, பழையவற்றுக்கு ‘அங்கே ஏற்கெனவே இருக்கிறது’ என்று குறிப்பு எழுதிவைக்கும். தினமும் எடுத்தாலும் இடம் பல மடங்கு பெருகாததற்குக் காரணம் இதுதான். தேடல் நடந்துகொண்டிருக்கும்போதே எடுக்கலாம். கடையை மூட வேண்டாம்.

எங்கே கொண்டுபோய் வைப்பது? அந்த இடத்துக்குத்தான் களஞ்சியம் என்று பெயர். அமேசானின் எஸ்3, கூகுள் கிளவுட் ஸ்டோரேஜ், மைக்ரோசாஃப்டின் அஷூர் ஆகிய மூன்று மேகச் (கிளவுட்) சேமிப்பகங்களுக்கும் எலாஸ்டிக்சர்ச்சில் நேரடி வசதி உண்டு. வெளியே போக விருப்பமில்லாதவர்கள் சொந்த அலுவலகத்தின் இன்னொரு சேமிப்பகத்தையும் காட்டலாம். கடல் கடந்து போக வேண்டியதில்லை: மைக்ரோசாஃப்டுக்குச் சென்னையிலும், அமேசானுக்கு மும்பையிலும் ஹைதராபாத்திலும், கூகுளுக்கு மும்பையிலும் டெல்லியிலும் தரவு மையங்கள் இருக்கின்றன. சிவகாசியில் சர்வர் வைத்திருப்பவருக்கு மும்பை நல்ல தூரம்.

அமைப்பது அரை மணி நேர வேலைதான். மேகத்தில் ‘பக்கெட்’ எனப்படும் ஒரு பெட்டியைத் திறந்து, பொதுமக்கள் யாரும் எட்டிப் பார்க்க முடியாதபடி பூட்டிவைக்க வேண்டும். அந்தப் பெட்டிக்கு மட்டும் செல்லுபடியாகும் தனிச் சாவி ஒன்றை உருவாக்க வேண்டும். பட்டியலிட, எழுத, படிக்க, காலாவதியானதை நீக்க மட்டும் அதற்கு உரிமை போதும். கணக்கு முழுவதையும் திறக்கும் தலைமைச் சாவியைச் சர்வரில் வைப்பது, மேகசின் சாவியை மருந்து அறைக் கதவிலேயே தொங்கவிடுவதற்குச் சமம். சாவியை அமைப்புக் கோப்பில் எழுதாமல் எலாஸ்டிக்சர்ச்சின் சாவிப்பெட்டியில் போட வேண்டும். பிறகு களஞ்சியத்துக்கு ஒரு பெயர், பெட்டியின் பெயர், அதற்குள் எந்தப் பாதை என்று மூன்று விவரம் கொடுத்துப் பதிவுசெய்தால் முடிந்தது. சேர்ந்து இயங்கும் சர்வர் கூட்டத்திலுள்ள எல்லாக் கணினிகளாலும் அங்கே எழுத முடிகிறதா என்று பொறி தானே சோதித்துச் சொல்லும்.

எளிதான இந்த வேலையில் வழுக்கிவிழும் இடங்கள் சில உண்டு. ஒரே களஞ்சியத்தில் இரண்டு சர்வர் கூட்டங்கள் எழுதக் கூடாது. எழுதினால் கணக்கு குழம்பி நகல் கெட்டுப்போகும். இரண்டாவது கூட்டத்துக்குப் படிக்கும் உரிமை மட்டும் கொடுக்க வேண்டும். செலவைக் குறைக்கலாம் என்று, பழைய கோப்புகளைத் தானாக ‘கிளேசியர்’ என்ற மலிவுக் கிடங்குக்கு நகர்த்தும் விதியைச் சிலர் போட்டுவிடுகிறார்கள். அங்கே போன கோப்பை எலாஸ்டிக்சர்ச்சால் படிக்க முடியாது. மீட்க வேண்டிய நாளில்தான் அது தெரியவரும். இடம் அடைக்கிறதே என்று பெட்டிக்குள் கைவிட்டுப் பழைய கோப்பை அழிப்பதும் ஆபத்து. நேற்றைய ஸ்னாப்ஷாட் போன வருஷக் கோப்பை நம்பிக்கொண்டிருக்கலாம். எதை நீக்கலாம் என்பது பொறிக்குத்தான் தெரியும். நீக்கும் வேலையை அதனிடமே விட வேண்டும்.

நேரக் கணக்கும் உண்டு. ஸ்னாப்ஷாட் அட்டவணை உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. இரவு ஒன்றரை மணிக்கு என்று நினைத்துப் போட்டால் இந்தியாவில் காலை ஏழு மணிக்குத்தான் நடக்கும்.

தமிழில் தேடுவோருக்கு இன்னும் ஒரு கவலை இருக்கிறது. அதைப் பற்றி அதிகம் பேசப்படாததால் இங்கே கொஞ்சம் நிற்கலாம். ‘கொலு’ என்று எழுதும்போது முதல் எழுத்தின் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் கணினியில் சேமிக்கலாம். ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, பொறிக்கு வேறு வேறு. இவற்றை ஒன்றாக்க ஐசியூ என்ற துணைநிரலைத் தனியாக நிறுவ வேண்டும். அதுபோக, ‘காலண்டர்’ என்றால் ‘நாட்காட்டி’யும், ‘திருத்தங்கல்’ என்றால் வைணவர்கள் சொல்லும் ‘திருத்தண்கால்’ என்பதும் வரவேண்டும் என்று இணைச்சொல் பட்டியல் ஒன்றைக் கோப்பாக எழுதி வைத்திருப்பார்கள். ஸ்னாப்ஷாட்டில் இந்தத் துணைநிரலும் போகாது, கோப்பாக வைத்த பட்டியலும் போகாது, சாவிப்பெட்டியும் போகாது. புதுச் சர்வரில் ஐசியூ இல்லாமல் மீட்கப் பார்த்தால் அந்தச் சொல்லடைவு திறக்காது. எத்தனையோ பேர் கைப்பட உழைத்துச் சேர்த்த இணைச்சொல் பட்டியல் ஒரே கணினியில் கிடந்து அழிவது உண்மையான இழப்பு. அதற்கும் வெளியே ஒரு நகல் வேண்டும். பொறியின் பதிப்பு எண்ணையும் குறித்துவைக்க வேண்டும். தனக்கு ஒரு தலைமுறை முந்தைய பதிப்பில் உருவான சொல்லடைவைத்தான் புதுப் பதிப்பு சாதாரணமாகத் திறக்கும். ஐந்தாம் பதிப்பில் கட்டியதை ஏழாம் பதிப்பில் அப்படியே மீட்க முடியாது.

தூரத்தின் அருமையைப் பிரான்ஸ் நாட்டு ஸ்ட்ராஸ்பூர்க் நகரம் காட்டியது. 2021 மார்ச் 10 அன்று ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையக் கட்டடம் ஒன்று எரிந்துபோனது. காப்பு நகலுக்குத் தனியாகப் பணம் கட்டியிருந்த வாடிக்கையாளர்கள் சிலரின் நகலும் அதே வளாகத்தில் இருந்ததால் சேர்ந்து எரிந்தது. 2023-இல் நீதிமன்றம், நகல் வேறிடத்தில் இருந்திருக்க வேண்டும் என்று சொல்லி ஒரு வாடிக்கையாளருக்கு இழப்பீடு வழங்கும்படி தீர்ப்பளித்தது. 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் டேஜான் நகரில் அரசுத் தரவு மையத்தில் பேட்டரித் தீ பரவியபோது, அரசு ஊழியர்கள் வேலைக் கோப்புகளைச் சேர்த்துவந்த 858 டெராபைட் சேமிப்பகம் அழிந்தது. அதற்கு வெளியே நகலே இல்லை.

நகல் எடுப்பதாக நினைத்துக்கொண்டிருந்தவர்களின் கதை, நிரல்களைச் சேமித்துவைக்கும் இணையத் தளமான கிட்லேபுடையது. 2017 ஜனவரி 31 அன்று அந்த நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் தவறான சர்வரில் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். எஸ்3 பெட்டியைத் திறந்து பார்த்தால் காலி. நகல் எடுக்கும் நிரலின் பதிப்பு தரவுத்தளத்தின் பதிப்போடு பொருந்தாததால் அது தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது; தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. ஆறு மணி நேரம் முன்பு வேறு காரணத்துக்காக ஒருவர் எடுத்திருந்த நகல்தான் அவர்களைக் காப்பாற்றியது. இவ்வளவையும் மறைக்காமல் வெளியிட்ட அந்த நிறுவனத்தின் நேர்மையால் உலகம் பாடம் படித்தது.

ஆகவே மீட்டுப் பார்க்காத நகலை நகல் என்று எண்ணக் கூடாது. காலண்டர் வேலை ஓய்ந்த தை, மாசியில் ஒரு நாள் ஒதுக்கினால் போதும். தனிச் சர்வரில் களஞ்சியத்தைப் படிக்க மட்டும் பதிவுசெய்து, சொல்லடைவை வேறு பெயரில் மீட்டு, ஆவண எண்ணிக்கை பொருந்துகிறதா, தெரிந்த சில தமிழ்ச் சொற்களுக்குச் சரியான விடை வருகிறதா, மொத்தம் எத்தனை மணி நேரம் ஆனது என்று பார்த்து எழுதிவைக்க வேண்டும்.

அதே நாளில் மேகக் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்பதையும் பார்ப்பது நல்லது. சிறு நிறுவனங்களில் அது பெரும்பாலும் முதலில் கணினி வேலை பார்த்த பையனின் சொந்த மின்னஞ்சலில், என்றோ காலாவதியாகப்போகும் ஒரு கார்டில் தொங்கிக்கொண்டிருக்கும். அமேசான் கணக்கு மூடப்பட்டால் 90 நாளுக்குள் மறுபடி திறந்துகொள்ளலாம். அதன்பின் பெட்டிகளும் அவற்றில் உள்ள நகல்களும் நீக்கப்பட்டுவிடும்.