மறுமுனையில் இருப்பவர்: 9-1-1 அழைப்பை எடுப்பவரும் நாமும்

சென்ற மாரிகாலத்தில் ஓர் இரவு. ஸ்காபரோவில் நமது சங்க உறுப்பினர் ஒருவரின் வீடு. அறுபத்தெட்டு வயது ஐயாவுக்கு நெஞ்சு இறுகியது, வியர்த்துக் கொட்டியது. வாயுவாக இருக்கும் என்று அம்மா இஞ்சித் தேநீர் போட்டுக் கொடுத்தார். நோவு அடங்கவில்லை. மிசிசாகாவில் இரவு வேலையில் நின்ற மகனுக்கு ரெலிபோன் எடுத்தார். மூன்றாவது தடவைதான் மகன் எடுத்தார். பதறிப்போனவர், தனது செல்போனிலிருந்தே 9-1-1 ஐ அழைத்தார். அந்த அழைப்பு அவர் நின்ற இடத்துக்குரிய பீல் பிராந்திய நிலையத்துக்குப் போனது. அங்கிருந்து ரொறன்ரோவுக்கு மாற்றினார்கள். "அப்பா மூச்சு விடுகிறாரா?" என்று கேட்டார்கள். மகனுக்கு என்ன தெரியும்? அவர் அங்கே இல்லையே!

ஐயா பிழைத்துக்கொண்டார். ஆனால் இதயத்தசையின் ஒரு பகுதி பழுதாகிவிட்டது. முதல் நோவுக்கும் 9-1-1 அழைப்புக்கும் இடையில் ஏறக்குறைய ஐம்பது நிமிடங்கள் வீணாகியிருந்தன. ஏன் நேரடியாக அழைக்கவில்லை என்று கேட்டோம். "எனக்கு இங்கிலிஷ் வராது பிள்ளை. எடுத்து என்னத்தைச் சொல்லுறது?" என்றார் அந்த அம்மா.

இந்தக் கேள்வியோடுதான் அம்புலன்ஸ் தொடர்பு நிலையம் ஒன்றில் பல ஆண்டுகளாகப் பணிபுரியும் தமிழ்ச் சகோதரி ஒருவரைச் சந்தித்தோம். தன் பெயரைப் போடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

ஊரில் இல்லாத பழக்கம்

அவசரத்துக்கென்று ஒரே இலக்கம் என்பது பழைய ஏற்பாடு. 1935 இல் லண்டன் விம்போல் வீதியில் நடந்த தீ விபத்தில் ஐந்து பெண்கள் இறந்தனர். அதன் விளைவாக 1937 இல் அங்கு 999 தொடங்கியது. கனடாவில் வினிப்பெக் நகரம் 1959 இல் 999 ஐக் கொண்டுவந்து, 1972 இல் 9-1-1 க்கு மாறியது. ரொறன்ரோவுக்கு 9-1-1 வந்தது 1982 இல்.

நமது பெற்றோர் வளர்ந்த இடங்களில் இப்படியொன்று இருக்கவில்லை. தமிழ்நாட்டில் 108 சேவை 2008 இல்தான் வந்தது. இலங்கையில் 1990 சேவை 2016 இல் தொடங்கி, வடக்கை 2018 இல் எட்டியது. அவசரமென்றால் பக்கத்து வீட்டு வானைப் பிடிப்பதுதான் நமது வழக்கம். அந்த வழக்கமே இங்கு மகனைத் தேடுவதாக மாறியிருக்கிறது. "அழைப்புகளின் பின்னால் தமிழ்க் குரல் கேட்கும். 'தம்பிக்கு அடியுங்கோ, அவர் வந்து பாக்கட்டும்' என்று யாரோ சொல்லுவினம். எனக்கு நெஞ்சு பதறும்" என்றார் சகோதரி.

அழைத்தால் என்ன நடக்கிறது?

முதலில் எடுப்பவர் பொலிஸ், தீயணைப்பு, அம்புலன்ஸ் ஆகியவற்றில் எது வேண்டுமென்று கேட்பார். அம்புலன்ஸ் என்றதும் அம்புலன்ஸ் நிலையத்துக்கு இணைப்பார். அங்கே முதற்கேள்வி முகவரி. பிறகு தொலைபேசி இலக்கம், என்ன நடந்தது, நினைவு இருக்கிறதா, மூச்சு இருக்கிறதா என்று வரிசையாக வரும்.

"கேள்வியே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், வண்டியை அனுப்பவில்லை" என்று நம்மவர் கோபப்படுவதுண்டு. இது தவறான எண்ணம். ஒருவர் உங்களோடு பேசிக்கொண்டிருக்கும்போதே, அவர் கணினியில் பதியும் விபரத்தைப் பார்த்து இன்னொருவர் வண்டியை அனுப்பிவிடுவார். கேள்விகளால் தாமதம் ஏற்படுவதில்லை. தீயணைப்பு வண்டி முதலில் வந்து நின்றாலும் பயப்பட வேண்டாம். அவர்களும் முதலுதவி பயின்றவர்கள், இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவியையும் கொண்டுவருவார்கள்.

மொழிக்கும் வழியிருக்கிறது. "டமில்" என்ற ஒரு சொல் போதும். மொழிபெயர்ப்பாளர் ஒருவரை அதே இணைப்பில் சேர்த்துக்கொள்வார்கள். கொஞ்ச நேரம் எடுக்கும், ரெலிபோனை வைத்துவிடக் கூடாது. அதற்கு முன் ஆங்கிலத்தில் முகவரியை மட்டும் சொல்லத் தெரிந்திருந்தால் பாதி வேலை முடிந்தது.

தொலைபேசியில் வரும் வைத்தியம்

அழைப்பை எடுப்பவர் வெறும் செய்தி வாங்குபவர் அல்லர். வண்டி வரும்வரை நோயாளிக்கு உதவ அவருக்கு இருப்பது நமது கைகள் மட்டுமே.

இதயம் நின்றவருக்கு நான்கு முதல் ஆறு நிமிடங்களுக்குள்ளேயே மூளை பாதிக்கப்படத் தொடங்கும். ஆகவே நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் வைத்து நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, ஐந்து சென்ரிமீற்றர் ஆழத்துக்கு அழுத்தும்படி சொல்வார், கூடவே எண்ணுவார். இடையிடையே குறட்டை போல வரும் இழுப்பை மூச்சு என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அது மூச்சல்ல, இதயம் நின்றதன் அறிகுறி. அந்தச் சத்தத்தை அப்படியே அவரிடம் சொல்லுங்கள்.

நெஞ்சு நோவென்றால், ஒவ்வாமை போன்றவற்றை விசாரித்தபின் அஸ்பிரின் சப்பச் சொல்லலாம். முகம் கோணுதல், கை விழுதல், பேச்சுக் குழறுதல் பக்கவாதத்தின் அறிகுறிகள். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்று கேட்பார்கள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணித்தியாலத்துக்குள் கொடுக்கவேண்டும் என்பதே அதற்குக் காரணம். தென்னாசியரான நம்மிடையே மாரடைப்பும் நீரிழிவும் அதிகம் என்பதால், இவை நமக்குத் தெரிந்தே இருக்கவேண்டும்.

அவர்களுடைய சுமை

பன்னிரண்டு மணித்தியாலப் பணி. ஒரு தாயின் அலறலைக் கேட்டு முடித்த கையோடு அடுத்த அழைப்பை அமைதியான குரலில் எடுக்கவேண்டும். "மற்றவர்கள் கண்ணால் பார்ப்பார்கள். நாங்கள் காதால் கேட்டு, மிச்சத்தை மனத்தில் படமாக்கிக்கொள்கிறோம். அம்புலன்ஸ் போய்ச் சேர்ந்ததும் லைன் துண்டிக்கப்படும். அந்தப் பிள்ளை பிழைத்ததா என்பது பெரும்பாலும் தெரியவராது" என்றார் சகோதரி. வேலை முடிந்து காரில் பத்து நிமிடம் சும்மா இருந்துவிட்டுத்தான் வீட்டுக்குள் போவாராம்.

இந்த வேலையால் மன வடு நோய் வரக்கூடும் என்பதை ஒன்ராறியோ அரசு 2016 இல் சட்டத்தில் ஏற்றுக்கொண்டது. அம்புலன்ஸ் பணியாளரைப் போலவே அழைப்பு நிலையப் பணியாளருக்கும் இந்நோய் வந்தால், அது வேலையால் வந்ததென்றே கருதப்படும். நமது பிள்ளைகளும் இப்பணியில் இருக்கிறார்கள். "ரெலிபோன் எடுக்கிற வேலைதானே" என்று இனியும் சொல்லாதிருப்போம்.

காசுக்குப் பயமா?

அழைப்பு இலவசம். ஒன்ராறியோவில் செல்லுபடியாகும் சுகாதார அட்டை உள்ளவருக்கு, வைத்தியத் தேவையிருந்தால், அம்புலன்ஸ் கட்டணம் 45 டொலர். சமூக உதவிப் பணம் பெறுவோர் போன்ற சிலருக்கு அதுவும் இல்லை. ஊரிலிருந்து விருந்தினராக வந்த பெற்றோரைப் போல் அட்டை இல்லாதவர்களுக்கு 240 டொலர். உயிரோடு ஒப்பிட்டால் இது பெரிய தொகையா?

இந்த வாரமே செய்யுங்கள்

* முகவரி, அடுக்குமாடியானால் அழைப்புமணி இலக்கம், பெற்றோரின் மருந்துகள், ஒவ்வாமை ஆகியவற்றை எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுங்கள்.
* நிலக்கீழ் வீட்டில் இருப்போர் "பேஸ்மன்ற், சைட் டோர்" என்று சொல்லப் பழகுங்கள். முன்கதவைத் தட்டிக்கொண்டு நிற்பதில் நிமிடங்கள் போய்விடும்.
* செல்போன் உங்கள் சரியான இடத்தை எப்போதும் காட்டாது. முகவரியை வாயால் சொல்லுங்கள்.
* நோயாளியின் பக்கத்தில் இருப்பவரே அழைக்கவேண்டும். மகனுக்கும் மகளுக்கும் பிறகு சொல்லலாம்.
* தவறுதலாக அழைத்துவிட்டால் வைத்துவிடாமல், தவறு என்று சொல்லுங்கள்.
* அம்மம்மா, அப்பப்பா, பேரப்பிள்ளைகள் எல்லோரையும் இருத்தி ஒருமுறை பேசிப் பழக்குங்கள். உண்மையான இலக்கத்தை அழுத்தாமல்!

ஸ்காபரோ அம்மா இப்போது தன் முகவரியை ஆங்கிலத்தில் தடுமாறாமல் சொல்கிறார். சொல்லிக்கொடுத்தவர் எட்டு வயதுப் பேத்தி. உங்கள் வீட்டில் யார் யாருக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிறீர்கள்?