நம் பில்லை நாமே படிப்போம்

'பிக் டேட்டா' என்ற பேச்சு பத்திரிகைகளில் அடிக்கடி அடிபடுகிறது. 'அது பெரிய கம்பெனிக்காரர்கள் சமாச்சாரம், நமக்கெதற்கு?' என்று நம்மில் பலர் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். நாங்களும் அப்படித்தான் இருந்தோம். ஆனால் அந்தச் சமாச்சாரம் நம் கடை வாசலுக்கே வந்துவிட்டது. ஆகவே நம் வணிகப் பெருமக்களுக்கு அதை எளிமையாக எடுத்துச் சொல்ல விரும்புகிறோம்.

பிக் டேட்டா என்றால் என்ன?

டேட்டா என்றால் தகவல். நம் சிட்டையிலும் பேரேட்டிலும் இருப்பதும் தகவல்தான். யார் வாங்கினார், என்ன சரக்கு, எத்தனை கிலோ, ரொக்கமா கடனா என்பதெல்லாம் அதில் உண்டு. ஒரு கடையின் ஒரு நாள் பில்லை ஒருவர் உட்கார்ந்து படித்துவிடலாம். ஆயிரக்கணக்கான கடைகளின் பல வருடத்துப் பில்லை எந்தக் கணக்குப்பிள்ளையாலும் படிக்க முடியாது. அந்தக் குவியலைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, அதற்குள் மறைந்திருக்கும் வியாபாரப் போக்கைக் கண்டுபிடிப்பதே பிக் டேட்டா. பில் மட்டுமல்ல, செல்போனில் எதைத் தேடினார்கள், எதைப் பார்த்துவிட்டு வாங்காமல் போனார்கள் என்பதும் இதில் சேரும்.

இதற்கு வழி திறந்தது பார்கோடு. 1974 ஜூன் 26 அன்று அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலம், ட்ராய் நகரத்துக் கடை ஒன்றில் ஒரு சூயிங்கம் பாக்கெட்டுக்குப் பார்கோடு மூலம் முதல் பில் போடப்பட்டது. அன்று முதல் எந்தச் சரக்கு எப்போது போனது என்பது தானாகவே பதிவாகத் தொடங்கியது.

புயலுக்கு முன் போன லாரி

2004ஆம் ஆண்டு அமெரிக்காவின் ப்ளோரிடா மாநிலத்தை 'பிரான்சிஸ்' என்ற புயல் நெருங்கியது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் 'சார்லி' புயல் அடித்திருந்தது. வால்மார்ட் நிறுவனம் பழைய விற்பனைக் கணக்கை எடுத்துப் பார்த்தது. டார்ச் லைட் விற்கும் என்று யாரும் சொல்வார்கள். ஆனால் புயலுக்கு முன் ஸ்ட்ராபெரி பாப்டார்ட்ஸ் என்ற இனிப்புப் பண்டம் வழக்கத்தைப் போல ஏழு மடங்கு விற்றிருந்தது. அதைச் சமைக்க வேண்டாம், ப்ரிட்ஜில் வைக்கவும் வேண்டாம். உடனே அந்தச் சரக்கை லாரிகளில் ஏற்றிப் புயல் வரும் வழியிலுள்ள கடைகளுக்கு அனுப்பினார்கள். அதே வால்மார்ட்தான் 2018இல் ப்ளிப்கார்ட்டின் 77 சதவீதப் பங்கை வாங்கி நம் நாட்டுச் சந்தையில் பெரிய அளவில் இறங்கியது என்பதை நாம் மறக்கக் கூடாது.

எங்கள் கடையில் கண்டது

எங்களுக்கு நாற்பது வருட மொத்த வியாபாரம். எந்தக் கடைக்காரர் எதை வாங்குவார் என்பது மனப்பாடம் என்று நினைத்திருந்தோம். வருட வரவும் குறையவில்லை. ஒரு நாள் எங்கள் மகன் இரண்டு வருடத்துப் பில்களைக் கம்ப்யூட்டரில் ரூபாய்க்குப் பதிலாக மூட்டைக் கணக்கில் அடுக்கிக் காட்டினார். எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. விலை ஏறியதால் கல்லாவில் பணம் குறையவில்லை. ஆனால் மூட்டை குறைந்திருந்தது. பதினொரு கடைகள் பருப்பையும் எண்ணெயையும் எங்களிடம் நிறுத்திவிட்டு, லாபம் குறைந்த சர்க்கரையை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தன. வாரா வாரம் முகம் பார்த்துப் பேசியதால் எங்களுக்குச் சந்தேகமே வரவில்லை.

காரணத்தைக் கம்ப்யூட்டர் சொல்லவில்லை. நேரில் போய்க் கேட்டோம். "அண்ணாச்சி, ஆப்பில் ஆர்டர் போட்டால் கடை வாசலில் இறக்கிவிடுகிறார்கள். உங்களிடம் நாங்கள்தானே வண்டி பிடித்து வர வேண்டியிருக்கிறது?" என்றார்கள். அந்த மாதமே ஒரு குட்டியானை வண்டி போட்டோம். ஏழு கடைகள் திரும்பி வந்தன, நான்கு வரவில்லை. ஒரு வருடம் முன்பே பார்த்திருந்தால் அந்த நான்கும் நின்றிருக்கும்.

நாம் செய்யக் கூடியவை

ஒரு கடையின் பில் 'பிக் டேட்டா' ஆகாதுதான். ஆனால் படிக்கும் முறை ஒன்றே.

1. ஒரு சரக்குக்கு ஒரே பெயர் எழுதுங்கள். துவரம் பருப்பு, து.பருப்பு, தூர்தால் என்று எழுதினால் கம்ப்யூட்டர் அதை மூன்று சரக்காக எண்ணும்.

2. ரூபாயோடு கிலோவையும் மூட்டையையும் ஒப்பிடுங்கள்.

3. பண்டிகையைப் பார்த்து ஒப்பிடுங்கள். தீபாவளி 2023இல் நவம்பர் 12, 2024இல் அக்டோபர் 31. அக்டோபரை அக்டோபரோடு வைத்துப் பார்த்தால் கணக்கு ஏமாற்றும்.

4. 'இல்லை' நோட்டு ஒன்று வையுங்கள். கேட்டு, கிடைக்காமல் திரும்பியவர் எந்தப் பில்லிலும் வரமாட்டார். அந்தச் சரக்கின் பெயரை அன்றே குறித்துவிடுங்கள்.

5. வாடிக்கையாளரின் போன் நம்பரைக் கேட்டு, அவர் சம்மதத்தோடு எழுதுங்கள். பிறருக்குக் கொடுக்காதீர்கள். தனிநபர் தகவல் பாதுகாப்புக்கு 2023இல் தனிச் சட்டமே வந்துவிட்டது. சட்டத்தை விட, நம்பிக்கை பெரிய முதல்.

ஆப்பில் கொள்முதல் செய்வது தவறென்று நாங்கள் சொல்லவில்லை. விலை கட்டினால் வாங்குங்கள். ஆனால் ஒவ்வொரு ஆர்டரின்போதும் நம் தெருவில் எது ஓடுகிறது, எது தேங்குகிறது என்பதை நாமே அவர்களுக்குச் சொல்கிறோம். அவர்கள் அதை அன்றாடம் படிக்கிறார்கள். நாமோ பில்லைக் கட்டிப் பரணில் போடுகிறோம், வரிக் கணக்குக்கு மட்டும் எடுக்கிறோம்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்கள் பெரியவர்கள். அளப்பது நமக்குப் புதிதல்ல. அளந்ததை மாதம் ஒரு நாள் உட்கார்ந்து படிப்பதுதான் புதிது. வரும் அமாவாசைக்குக் கணக்குப் பார்க்கும்போது, போன வருடத்துக் கட்டையும் பரணிலிருந்து இறக்கி வையுங்கள்.