பன்றிக்குப் பழைய பட்டாளத் துப்பாக்கி வாங்கலாமா?

சத்தியமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: “இரண்டரை ஏக்கரில் மக்காச்சோளம் போட்டிருக்கிறேன். கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் ஒரே ராத்திரியில் கால் ஏக்கரைப் பன்றிகள் சாய்த்துவிட்டன. புடவை கட்டினேன், முடி தூவினேன், பட்டாசு போட்டேன். நாலு நாள்தான் கேட்கின்றன. என் மச்சான் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ராணுவம் கழித்துக்கட்டும் பழைய போல்ட் துப்பாக்கிகள் சல்லிசாகக் கிடைக்கும், அதில் ஒன்று வாங்கிப் போடு என்கிறார். அமெரிக்காவில் விவசாயிகள் அப்படித்தான் வாங்குகிறார்களாமே? எந்த ரகம் வாங்கலாம்?”

இதே கேள்வியைக் கொஞ்சம் முன்னே பின்னே மாற்றி வேறு சிலரும் கேட்டிருக்கிறார்கள். பன்றியால் ஒரு பருவ வருமானமே போகிறவர்கள் இதைக் கேட்பதில் தப்பில்லை. ஆனால் மச்சான் பேச்சை நம்பி இறங்கினால், பயிர் போனது போதாதென்று மனிதரும் உள்ளே போக வேண்டியிருக்கும். அதனால் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறோம்.

அமெரிக்கக் கதை உண்மைதான். இரண்டு உலகப் போர்களிலும் நாடுகள் கோடிக்கணக்கில் போல்ட் துப்பாக்கிகள் செய்தன. ஒரு முறை சுட்டதும் கைப்பிடியைத் தூக்கி, பின்னால் இழுத்து, முன்னால் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றுகிற துப்பாக்கிதான் போல்ட் துப்பாக்கி. தானியங்கித் துப்பாக்கிகள் வந்த பிறகு இவையெல்லாம் கிடங்குகளில் குவிந்தன. பல நாடுகள் அவற்றை வியாபாரிகளுக்கு மொத்தமாகத் தள்ளிவிட்டன. ரஷ்யாவின் மோசின்-நாகன் துப்பாக்கி 1891-இல் வந்த ரகம். இருபது ஆண்டுகளுக்கு முன்புகூட அமெரிக்கக் கடைகளில் அது நூறு டாலருக்கும் கீழே கிடைத்தது. மரப்பெட்டியில் கிரீஸ் பூசி வைத்திருந்ததைத் துடைத்தெடுத்து, மான் வேட்டைக்கும் பன்றிக்கும் கொண்டுபோனார்கள்.

அப்படி வாங்கியவர்கள் பட்டுத் தெரிந்துகொண்ட விஷயம் ஒன்று உண்டு. துப்பாக்கி மலிவாக இருந்தால் போதாது, அதற்கான தோட்டாவும் பக்கத்துக் கடையில் கிடைக்க வேண்டும். ஜப்பானின் அரிசாகா நல்ல உறுதியான துப்பாக்கி, ஆனால் அதன் தோட்டாவுக்கு அலைய வேண்டும், விலையும் அதிகம். மோசினுக்குப் பழைய ராணுவத் தோட்டா தகர டப்பாவோடு மலிவாகக் கிடைத்த காலம் ஒன்று இருந்தது. 2021-இல் ரஷ்யத் தோட்டா இறக்குமதிக்கு அமெரிக்க அரசு கட்டுப்பாடு போட்டது. அதன் பிறகு அந்தக் கணக்கும் மாறிவிட்டது. பழைய தோட்டாக்களில் இன்னொரு தொல்லையும் உண்டு. அவற்றின் பின்பக்க வெடிமருந்து எரிந்தபின் குழலுக்குள் உப்பு தங்கும். அந்த உப்பு காற்றில் உள்ள ஈரத்தை இழுத்து, சில நாளிலேயே துருப்பிடிக்க வைக்கும். சுட்ட அன்றே வெந்நீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, எண்ணெய் போட வேண்டும். வெறும் எண்ணெய்க்கு அந்த உப்பு கரையாது.

டிராக்டர் வாங்கும்போது உதிரிபாகம் எந்த ஊரில் கிடைக்கும் என்று முதலில் விசாரிப்போம் அல்லவா, அதே புத்திதான் இங்கேயும் வேண்டும். ஆனால் நம் நாட்டில் தோட்டா எங்கே கிடைக்கும் என்பதற்கு முன்னால் வேறொரு கேள்வி இருக்கிறது: அந்தத் தோட்டாவை நாம் வைத்திருக்கச் சட்டம் விடுகிறதா?

‘த்ரீ நாட் த்ரீ’ என்று நாம் எல்லோரும் கேள்விப்பட்ட .303 துப்பாக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். குழலின் உள்விட்டம் அங்குலத்தில் .303 என்பதுதான் அந்தப் பேர். லீ-என்ஃபீல்ட் என்ற இந்த பிரிட்டிஷ் துப்பாக்கியை கொல்கத்தா அருகே இஷாப்பூர் தொழிற்சாலையிலும் செய்தார்கள். நம் போலீஸ் கையில் பல தலைமுறை இருந்தது. உத்தரப் பிரதேச போலீஸ் 2020 குடியரசு தினத்தோடுதான் அதற்கு விடை கொடுத்தது. அங்கே கழித்தது இங்கே சந்தைக்கு வரும் என்று எண்ணினால் அது நடக்காது. ஆயுத விதிகளின் முதல் அட்டவணையில், .303 அல்லது 7.62 மி.மீ. படைத்தோட்டாவை ஏற்றிச் சுடக்கூடிய போல்ட் துப்பாக்கி எதுவானாலும் தடை செய்யப்பட்ட ரகம். மோசினும் லீ-என்ஃபீல்டும் இப்படித்தான் நமக்கு அடைபட்டுப் போகின்றன. மாவட்ட ஆட்சியரால்கூட அதற்கு உரிமம் தர முடியாது. மத்திய அரசின் அனுமதி இல்லாமல் வைத்திருந்து பிடிபட்டால், 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 7 ஆண்டு, கூடினால் 14 ஆண்டு சிறை.

படையில் பணிபுரிந்தவர்களுக்கு, படைவழக்கில் இல்லாத சில ஆயுதங்களை விற்கும் நடைமுறை உண்டு. மச்சான் காதில் விழுந்தது அதுவாக இருக்கலாம். அதற்கும் உரிமம் வேண்டும். வாங்கியவர் அதை இன்னொருவர் தோட்டத்துக்கு இரவல் கொடுக்கவும் கூடாது.

அப்படியானால் நம்மூரில் சட்டப்படி வைத்திருக்கக்கூடிய போல்ட் துப்பாக்கியே இல்லையா? இருக்கிறது. அது .315. இதன் பின்னால் ஒரு சுவையான சரித்திரம் உண்டு. படைத்தோட்டாவைக் களவாடி ஜனங்கள் தங்கள் துப்பாக்கியில் போட்டுச் சுட்டுவிடுவார்களோ என்று வெள்ளைக்கார அரசுக்குப் பயம். அதனால் படை ரகத் தோட்டாவைக் குடிமக்களுக்கு மறுத்தது. வியாபாரிகள் சும்மா இருப்பார்களா? 1890-களில் ஆஸ்திரியா-ஹங்கேரிப் படை பயன்படுத்திய 8 மி.மீ. தோட்டாவைப் பிடித்தார்கள். இங்கிலாந்தின் பி.எஸ்.ஏ. கம்பெனி அதே லீ-என்ஃபீல்ட் உடம்பில் அந்தத் தோட்டாவுக்கான குழலைப் பொருத்தி, இந்தியாவுக்கு அனுப்பியது. சுதந்திரத்துக்குப் பிறகும் அந்த ரகத்தை இஷாப்பூர் தொடர்ந்து செய்தது. ஆக, ஆஸ்திரியச் சிப்பாயின் தோட்டாவும் ஆங்கிலச் சிப்பாயின் துப்பாக்கியும் சேர்ந்துதான் இன்று ‘ஸ்போர்ட்டிங் ரைபிள்’ என்ற பேரில் விற்கிறது. பட்டாளத் துப்பாக்கிக்கு ஆசைப்படுகிறவருக்கு இங்கே சட்டம் விட்டுவைத்திருப்பது இது ஒன்றுதான் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் இரண்டரை ஏக்கர்க்காரருக்கு .315 வேண்டாம் என்பதுதான் எங்கள் கருத்து. அந்தக் குண்டு குறி தப்பினால் இரண்டு கிலோமீட்டருக்கு மேலும் போகும். நம்மூர்க் காடுகளைச் சுற்றிச் சாளைகள், மாட்டுப்பட்டி, ராத்திரி தண்ணி கட்டுகிற ஆட்கள். மக்காச்சோளம் ஆள் உயரம் நிற்கும்போது எதிரே யார் இருக்கிறார்கள் என்றே தெரியாது. மேட்டில் பரண் கட்டி, குண்டு மண்ணில் இறங்குகிற மாதிரி கீழ்நோக்கிச் சுட வசதி இருந்தால் வேறு கதை.

சட்டமும் சிறு விவசாயிக்கு வேறு துப்பாக்கியைத்தான் எண்ணி வைத்திருக்கிறது. 1959 ஆயுதச் சட்டத்தின் 13-ஆம் பிரிவில், உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்கு, வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் தர வழி இருக்கிறது. அது போதாது என்று உரிமம் தரும் அதிகாரி கருதினால், குழல் 20 அங்குலத்துக்குக் குறையாத, உள்ளே புரி இல்லாத துப்பாக்கிக்குத் தரலாம். நாம் ‘பன்னிரண்டு போர்’ என்று சொல்வது அந்த வகைதான். ரவை சிதறும், வெடிச் சத்தம் பெரிது, நாற்பது மீட்டருக்கு மேல் வேகம் குறைந்துவிடும். விரட்டுவதற்கு இதுவே போதும். திருச்சி படைக்கலத் தொழிற்சாலையிலும் பன்னிரண்டு போர் ‘பம்ப் ஆக்‌ஷன்’ துப்பாக்கி செய்கிறார்கள். ரைபிள் கேட்டால் அதற்குத் தனியாகத் தகுந்த காரணம் காட்ட வேண்டும், விண்ணப்பம் அங்கேயே நின்றுபோக வாய்ப்பு அதிகம்.

செலவு குறைய ஒரு நேரான வழி இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. உங்கள் அப்பாவோ தாத்தாவோ உரிமத்தோடு வைத்திருந்த துப்பாக்கி வீட்டில் இருந்தால், அவர் காலமான பிறகு வாரிசுப் பேருக்கு உரிமம் கேட்கலாம். அவர் உயிரோடு இருந்தாலும், 70 வயது ஆகிவிட்டாலோ, அந்தத் துப்பாக்கியை 25 ஆண்டு வைத்திருந்தாலோ வாரிசுக்கு மாற்ற 2016 விதிகள் இடம் தருகின்றன. இறந்தவர் பேரில் உள்ளதைப் பரணில் சொருகி வைத்துவிட்டுச் சும்மா இருப்பதுதான் ஆபத்து. உரிமம் இல்லாத ஆயுதம் என்றே அது கணக்காகும். உடனே காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொண்டு, அதன்பின் மனு போடுங்கள்.

பழைய துப்பாக்கி எதுவானாலும் கையில் வாங்குமுன் சோதிக்கத் தெரிய வேண்டும். முதலில் தோட்டா இல்லை என்பதைக் கண்ணால் பார்த்து, விரல் விட்டும் உறுதி செய்யுங்கள். போல்ட்டைக் கழற்றி, குழலின் பின்பக்கம் கண் வைத்து, வெள்ளைத் தாளை முன்பக்கம் பிடித்துப் பாருங்கள். ரைபிள் என்றால் உள்ளே ஓடும் புரிகள் கூர்மையாகத் தெரிய வேண்டும். மங்கலாக, உழுத சேறு மாதிரி தெரிந்தால் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். லேசான கருமையைத் துடைத்துவிடலாம், சொறி சொறியாகக் குழி விழுந்திருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. வாய்ப்பக்கத்தையும் விடாதீர்கள். சிப்பாய்கள் வருஷக்கணக்கில் கம்பி விட்டுத் துடைத்ததில் அங்கேதான் அதிகம் தேய்ந்திருக்கும்.

போல்ட்டில் உள்ள எண்ணும் உடம்பில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். இதை விற்கிறவர் லேசாகத்தான் சொல்வார், நீங்கள் லேசாக விடக்கூடாது. லீ-என்ஃபீல்ட் குடும்பத்தில் போல்ட் தலையை அந்தந்தத் துப்பாக்கிக்கு அளவு பார்த்துப் பொருத்துவார்கள். வேறு துப்பாக்கியின் போல்ட் மாட்டியிருந்தால், தோட்டாவின் அடிக்கும் போல்ட்டுக்கும் நடுவில் இடைவெளி கூடிவிடலாம். சுடும்போது பித்தளைக் கூடு நீண்டு கிழிந்து, சூடான வாயு முகத்தை நோக்கி வரும். சுட்ட கூட்டின் அடிப்பக்கம் வெளிறிய வளையம் தெரிந்தால் அதற்கான அறிகுறி. கட்டையை, குறிப்பாகக் கைப்பிடிக் கழுத்தில், வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பன்னிரண்டு போர் என்றால் மடக்கும் கீல் ஆடுகிறதா, குழலில் நெளிவு இருக்கிறதா என்பதே முக்கியம். இவ்வளவும் பார்த்த பிறகும் உரிமம் பெற்ற துப்பாக்கிக் கம்மியரிடம் ஒருமுறை காட்டாமல் சுடாதீர்கள். குழலைக் குடைந்து வேறு தோட்டாவுக்கு மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்த வீட்டு வாசலிலேயே திரும்பிவிடுங்கள்.

உரிமத்துக்கு 21 வயது நிரம்ப வேண்டும். ஆட்சியர் அலுவலகத்தில் மனு, போலீஸ் விசாரணை அறிக்கை, பாதுகாப்புப் பயிற்சிச் சான்று, பத்திரமாக வைக்க இடம். உரிமம் 5 ஆண்டுக்குச் செல்லும். தேர்தல் வந்தால் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள், அந்த மாதங்களில் பன்றிக்கு வேறு ஏற்பாடு வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது. துப்பாக்கி வைத்துக்கொள்ள அனுமதி கிடைத்தால் பன்றியைச் சுட அனுமதி கிடைத்ததாக ஆகாது. 2023 ஏப்ரல் முதல் காட்டுப்பன்றி வன உயிரினச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. நிற்கும் பயிருக்குச் சேதம் செய்யும் விலங்கைக் கொல்ல, தலைமை வன உயிரினக் காப்பாளரோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ எழுத்தில் உத்தரவிட வேண்டும். கேரளத்தில் 2022 முதல் உள்ளாட்சித் தலைவர்களுக்கு அந்த அதிகாரம் கொடுத்து, உரிமம் உள்ளவர்களைக் கொண்டு சுட வைக்கிறார்கள். நம் மாநிலத்தில் 2025 ஜனவரியில் சட்டமன்றத்தில் அறிவித்த முறை வேறு. காப்புக்காட்டிலிருந்து 1 கி.மீ.க்குள் சுடக் கூடாது, 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும், 3 கி.மீ.க்கு அப்பால் பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம். விவசாயி சுடலாம் என்று அதில் இல்லை. உங்கள் துப்பாக்கி வெற்று வெடிச் சத்தத்துக்குத்தான் பயன்படும் என்றால், அவ்வளவு செலவு தேவையா என்று வீட்டில் உட்கார்ந்து பேசிக்கொள்ளுங்கள்.

இந்த முறை மெதுவானது, பன்றி அதற்காகக் காத்திருக்காது என்று நீங்கள் சொல்வது எங்களுக்கும் தெரியும். அந்த ஆத்திரத்தில் அவுட்டுக்காய் வைப்பதும், மின்கம்பியில் கொக்கி போட்டு வேலி கட்டுவதும்தான் கொடுமை. அவுட்டுக்காயைக் கடித்து வாய் சிதறிச் சாவது பன்றி மட்டுமல்ல, யானையும் மேய்ச்சல் மாடும்தான். கொக்கி வேலியில் சிக்குவது பெரும்பாலும் பக்கத்துத் தோட்டத்துக்காரர்.

சத்தியமங்கலம் வாசகருக்கு: துப்பாக்கியை இப்போதைக்கு விடுங்கள். சேதத்தைத் தேதியோடு படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடம் பார்வையிட்டதாக எழுதி வாங்கி, வனச்சரக அலுவலகத்தில் இழப்பீட்டு மனு கொடுங்கள், நகலில் முத்திரை வாங்குங்கள். உங்கள் காடு காப்புக்காட்டு எல்லையிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்பதை அந்த மனுவிலேயே குறிப்பிட்டு, பிடிக்கவோ சுடவோ ஆள் அனுப்பும்படி தனியாக ஒரு வரி சேருங்கள். பக்கத்துத் தோட்டக்காரர்கள் நாலு பேரையும் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். சூரிய மின்வேலி மானியம் பற்றி வேளாண்மைப் பொறியியல் துறையில் விசாரியுங்கள், நாலு பேரும் சேர்ந்து போட்டால் ஆளுக்கு ஆகும் செலவு குறையும். கதிர் முற்ற இன்னும் சில வாரம் இருக்கும், அதுவரை ராத்திரி காவலுக்கு முறை வைத்துக்கொள்ளுங்கள்.