வெண்டைக்கு எவ்வளவு உரம்?

வெண்டைச் செடி இடுப்புக்கு மேல் வளர்ந்து நிற்கிறது. இலை கரும்பச்சை. பார்ப்பவர்கள் எல்லாரும் மெச்சுகிறார்கள். காய் பறிக்கப் போனால் கூடை நிறையவில்லை. ஏன்?

யூரியா அதிகமாகிவிட்டது.

பயிருக்கு மூன்று சத்துகள் முக்கியம். தழைச்சத்து இலையையும் தண்டையும் வளர்க்கும். மணிச்சத்து வேர் பிடிக்க உதவும். சாம்பல் சத்து செடிக்கு உறுதி தரும். யூரியாவில் இருப்பது தழைச்சத்து மட்டுமே.

சத்தில்லாத மண்ணில் வெண்டை குட்டையாக நிற்கும். அடி இலை மஞ்சளாகும். அதற்குக் கொஞ்சம் உரம் போட்டால் காய்ப்பு நன்றாகக் கூடும். இன்னும் போட்டால் இன்னும் கூடும். ஆனால் முன்பு கூடிய அளவுக்கு இல்லை. ஓர் அளவுக்கு மேல் இலைதான் கூடும். பூப்பது தள்ளிப்போகும். இளசான இலையைத் தேடி அசுவினியும் தத்துப்பூச்சியும் வெள்ளை ஈயும் வரும். வெள்ளை ஈதான் மஞ்சள் நரம்புத் தேமல் நோயைப் பரப்புகிறது. நோய் வந்த செடியைக் குணமாக்க மருந்து கிடையாது. உரத்துக்கு ஒரு கடன், பூச்சி மருந்துக்கு இன்னொரு கடன். இரண்டும் பெரும்பாலும் ஒரே கடையில்தான்!

சரி, எது அளவு? யூரியா மூட்டையில் 46 என்ற எண்ணைப் பாருங்கள். 100 கிலோவில் 46 கிலோ தழைச்சத்து என்று பொருள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சாதாரண வெண்டை ரகங்களுக்கு ஹெக்டேருக்கு 40 கிலோ தழைச்சத்து சொல்கிறது. ஏக்கருக்கு 16 கிலோ. யூரியாவாகக் கணக்கிட்டால் 35 கிலோ. 2018 முதல் யூரியா மூட்டை 45 கிலோ. ஆக, ஒரு மூட்டைகூட வேண்டாம். வீரிய ஒட்டு ரகத்துக்கு மட்டும் கூடுதலாக வேண்டும்.

அதையும் ஒரே தடவையில் கொட்டக்கூடாது. செடி எடுத்தது போக மீதி தண்ணீரோடு இறங்கிவிடும், காற்றிலும் போய்விடும். பாதியை விதைக்கும்போதும் மீதியை 30ஆம் நாளும் போட வேண்டும். மணிச்சத்து மண்ணில் எளிதில் நகராது. அதனால் சூப்பர் பாஸ்பேட் முழுவதும் அடியுரம். சூப்பருக்குப் பதில் டி.ஏ.பி. போடுகிறீர்களா? அதில் 100 கிலோவுக்கு 18 கிலோ தழைச்சத்து இருக்கிறது. அந்த அளவு யூரியாவைக் குறைக்க வேண்டும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

தொழு உரம் போட்ட நிலம் ஈரத்தையும் உரத்தையும் பிடித்து வைக்கும். உங்கள் மண்ணில் என்ன இருக்கிறது என்று அறிய, 2015இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டம் உள்ளது. வேளாண்மை அலுவலகத்தில் கேளுங்கள்.

நம்பிக்கை வரவில்லையா? இரண்டு வரிசைக்குச் சொன்ன அளவு போடுங்கள். பக்கத்து இரண்டு வரிசைக்கு வழக்கம்போல் போடுங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்கும்போது தனித்தனியாக எடை போட்டு, நோட்டில் தேதியோடு எழுதுங்கள்.